தண்ணீர் தொடாத பிஸ்கட்

முதல் முறை நான் சுட்ட டீ பிஸ்கட்டைப் பெரியம்மா கையில் வாங்கி, மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். டக்கென்று சத்தம் வந்தது. "பல்லு இருக்கிறவங்களுக்கு மட்டும் செஞ்சியாடி, இல்ல எனக்கும் சேர்த்தா?" என்று கேட்டுவிட்டு அதைத் தன் காபிக்குள் போட்டார். ஐந்து நிமிடம் ஊறியும் அது அசைந்து கொடுக்கவில்லை.

தப்பு எங்கே என்று அன்று எனக்கு விளங்கவில்லை. டீ மணம் வேண்டுமென்று இரண்டு கரண்டித் தூளைக் கொதிக்கவிட்டுக் கெட்டி டிகாக்‌ஷன் இறக்கியிருந்தேன். எலுமிச்சை மணத்துக்கு ஒரு முழுப் பழத்தைப் பிழிந்திருந்தேன். இரண்டையும் மைதாவில் ஊற்றி, வெண்ணெயும் சர்க்கரையும் போட்டு, சப்பாத்திக்குப் பிசைவதுபோல் அழுத்திப் பிசைந்தேன். டீ என்றால் டிகாக்‌ஷன், எலுமிச்சை என்றால் சாறு. நம் ஊர்க்காரிக்கு வேறு எப்படி யோசிக்க வரும்? கிடைத்தது ஒரு தட்டு நிறையக் கல். சரி, மணமாவது இருந்ததா என்றால் அதுவும் இல்லை. கொஞ்சம் புளித்தது, கொஞ்சம் கசந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு இந்த பிஸ்கட்டை இருபது முறையாவது சுட்டிருப்பேன். முதல் ஈட்டில் நான் செய்த காரியம் ஒவ்வொன்றும் தவறு என்பதும், எல்லாத் தவறுக்கும் பின்னால் நின்றது தண்ணீர்தான் என்பதும் போகப் போகத் தெரிந்தது.

நான் செய்ய முயன்றது ஷார்ட்பிரெட் என்னும் ஸ்காட்லாந்து பிஸ்கட். அதன் அளவு ஒரு தடவை கேட்டால் மறக்காது: எடையில் ஒரு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு வெண்ணெய், மூன்று பங்கு மாவு. முட்டை இல்லை, பால் இல்லை, சோடா உப்பு இல்லை. 'ஷார்ட்' என்றதும் குட்டை என்று எண்ண வேண்டாம். பொலபொலவென்று உதிரும் பண்டத்தை ஆங்கிலச் சமையலறைப் பேச்சில் அப்படிச் சொல்வார்கள். ஸ்காட்லாந்தில் அது புத்தாண்டுக்கும் கல்யாணத்துக்கும் ஆன பண்டம். ஷெட்லாந்து தீவுகளில் புதுப்பெண் வீட்டுக்குள் நுழையும்போது அவள் தலைக்கு மேல் ஷார்ட்பிரெட்டை உடைக்கும் வழக்கம் இருந்தது. என் முதல் ஈட்டை வைத்து அந்தச் சடங்கைச் செய்திருந்தால் பெண்ணை ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போயிருக்க வேண்டும்.

அது ஏன் உதிர வேண்டும், என்னுடையது ஏன் உதிரவில்லை? பதில் பரோட்டாக் கடையில் இருக்கிறது.

கோதுமை மாவில் குளூட்டெனின், கிளையடின் என்று இரண்டு வகைப் புரதங்கள் உண்டு. மாவு உலர்ந்திருக்கும் வரை அவை தத்தம் இடத்தில் சும்மா கிடக்கும். தண்ணீர் பட்டதும் நீண்டு, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, குளூட்டன் என்ற வலையாகிவிடும். பிசையப் பிசைய வலை இறுகும். பரோட்டா மாஸ்டர் மைதாவில் தண்ணீர் விட்டு அடித்துப் பிசைந்து, எண்ணெய் தடவி ஈரத்துணி போட்டு மூடி, பிறகு கல்லின் மேல் வீசி வீசி அதைத் தாவணி மாதிரி விரிக்கிறார் அல்லவா, கிழியாமல் அது அப்படி விரிவது இந்த வலையின் தயவால்தான். ஷார்ட்பிரெட் சுடுகிறவர் இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்ய வேண்டும். வலை பின்னவே விடக்கூடாது.

அதற்குத்தான் அவ்வளவு வெண்ணெய். முதலில் கொழுப்பு மாவுத் துகளைச் சுற்றிப் பூசிக்கொண்டால், பிறகு வரும் தண்ணீருக்குப் புரதத்திடம் போக வழியில்லை. தீபாவளிக்கு மைதா பிஸ்கட் போடுகிறவர்கள் நெய்யைச் சுடவைத்து மாவில் ஊற்றி, விரலால் பிசிறி, பிடித்தால் கொழுக்கட்டைபோல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே தண்ணீர் தெளிப்பார்கள். வரிசையை மாற்றித் தண்ணீரை முதலில் விட்டால் பிஸ்கட் கடுக்கென்று போய்விடும் என்று பாட்டிமார் எல்லோருக்கும் தெரியும். இதையே கடைசி எல்லைக்குக் கொண்டுபோனால் நம் நெய் உருண்டை. பாசிப்பருப்பு மாவு, சர்க்கரை, உருக்கிய நெய். தண்ணீர் ஒரு துளிகூடக் கிடையாது. வாயில் போட்டதும் அது சரிந்து கரைவதைக் கவனித்திருப்பவர்களுக்கு ஷார்ட்பிரெட்டைப் பற்றி நான் மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை.

ஒரு கணக்கு மட்டும் பார்த்துவிடலாம். கடையில் வாங்கும் வெண்ணெயில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது விதி. மீதியில் பெரும்பகுதி, கிட்டத்தட்ட 16 சதவீதம், தண்ணீர். 100 கிராம் வெண்ணெய் போட்டால் ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர் தானாகவே உள்ளே வந்துவிடுகிறது. 150 கிராம் மாவு ஒன்றாகச் சேர்ந்து நிற்பதற்கு அது போதும். பரோட்டாவுக்கு என்றால் அதே மாவு 80, 90 மில்லி குடிக்கும். என் டிகாக்‌ஷனும் எலுமிச்சைச் சாறும் சேர்ந்து ஏறக்குறைய அந்த அளவுக்கு வந்திருக்கும். பரோட்டா மாவைப் பிசைந்து பிஸ்கட் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

வலையைத் தளர்த்த இன்னொரு வழியும் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் பழைய செய்முறைகள் பலவற்றில் கோதுமை மாவில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அரிசி மாவைச் சேர்ப்பார்கள். அரிசியில் குளூட்டன் கிடையாது என்பதால் வலை அங்கங்கே அறுந்துவிடும். கடித்தால் நறநறப்பும் சேரும். நெல் விளையாத தேசத்தில் கண்டுபிடித்த இந்தத் தந்திரத்துக்கான சரக்கு நம் வீட்டு டப்பாவில் எப்போதும் இருக்கிறது.

சரி, கல் ஆனதற்குக் காரணம் புரிந்தது. மணம் எங்கே போயிற்று?

பள்ளிக்கூடத்தில் ஆரஞ்சுத் தோலை மடித்துப் பக்கத்தில் இருப்பவள் கண்ணில் பீய்ச்சி அடி வாங்காதவர்கள் குறைவு. அந்தப் பீய்ச்சலைச் சாறு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் அது எண்ணெய். சந்தேகம் இருந்தால் இன்றிரவு ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, தோலைச் சுடருக்கு நேரே மடித்து அழுத்திப் பாருங்கள். சரசரவென்று பொறி பறக்கும். (பிள்ளைகள் செய்வதாக இருந்தால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.) ஆரஞ்சு, எலுமிச்சை, சாத்துக்குடி, நாரத்தை எல்லாவற்றின் தோலிலும் ஊசிமுனை அளவுக் குழிகள் தெரிகின்றனவே, ஒவ்வொன்றும் ஓர் எண்ணெய்ப் பை. பழத்தின் மணம் முக்கால்வாசி அந்தப் பையில்தான் இருக்கிறது. உள்ளே சுளையில் இருப்பது புளிப்பும் இனிப்பும் தண்ணீரும். சாற்றை ஊற்றிவிட்டு மணம் எங்கே என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்? தோலைக் குப்பையில் போட்டது நான்தானே.

அந்த எண்ணெயில் மிக அதிகமாக இருக்கும் பொருள் லிமோனீன். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதுதான். இங்கே ஒரு பழைய பிழையைத் திருத்த வேண்டும். லிமோனீன் மூலக்கூறுக்கு வலக்கை, இடக்கைபோல இரண்டு வடிவங்கள் உண்டு; ஒன்று ஆரஞ்சு மணம், மற்றது எலுமிச்சை மணம் என்று வேதியியல் பாடநூல்கள் சிலவற்றில் போட்டிருக்கும். நானும் அப்படித்தான் படித்தேன். இரண்டு பழத்திலும் மேலோங்கி இருப்பது ஒரே வலக்கை வடிவம்தான். எலுமிச்சையை எலுமிச்சையாக்குவது சிட்ரால் என்ற வேறொரு பொருள். எலுமிச்சைப் புல்லைக் கசக்கினால் எலுமிச்சை மணப்பதும் அதனால்தான். பழத்துக்கும் புல்லுக்கும் வேறு எந்த உறவும் கிடையாது.

தோலைச் சீவும்போது வெளியே இருக்கும் நிறப்பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். அடியில் இருக்கும் வெள்ளைப் பஞ்சில் நாரிஞ்சின், லிமோனின் என்று கசப்புப் பொருள்கள் இருக்கின்றன. நாரத்தங்காய் ஊறுகாயில் அந்தக் கசப்பை உப்பும் வெயிலும் அடக்கிவிடும். பிஸ்கட்டில் அதை அடக்க ஆளில்லை.

சாறு ஊற்றாததில் இன்னொரு லாபம் உண்டு. பால் டீயில் எலுமிச்சை பிழிந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்: திரிந்துவிடும். பாலில் மிதக்கும் கேசின் என்ற புரதம் அமிலம் பட்டதும் திரளும். அதனால் ஒரு டம்ளரில் பால் டீ கிடைக்கும் அல்லது லெமன் டீ கிடைக்கும். இரண்டையும் சேர்த்துக் குடித்தவர் யாரும் இல்லை. தோல் எண்ணெயில் புளிப்பே கிடையாது. எனவே வெண்ணெய், டீ, எலுமிச்சை மூன்றும் சண்டை இல்லாமல் ஒன்றாக இருக்கும் இடம் இந்த பிஸ்கட்.

டீக்கும் சிட்ரஸ் தோலுக்கும் கல்யாணம் நடந்து நாளாகிவிட்டது. ஏர்ல் கிரே என்று டப்பாவில் எழுதி விற்கும் டீயில் பெர்கமாட் என்ற பழத்தின் தோல் எண்ணெய் கலந்திருக்கிறது. பெர்கமாட் என்றால் தெரியாதவர்களுக்கும் அதன் வாசனை தெரிந்திருக்கும். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அம்மா துணியை நனைத்து நெற்றியில் போடுவாரே, ஓடிகோலோன், அதில் தூக்கலாக இருக்கும் மணங்களில் ஒன்று அது. கசப்பு ஆரஞ்சும் எலுமிச்சையும் கலந்து பிறந்த பழம். இத்தாலியின் தென்கோடியில், கலாப்ரியா கடற்கரையில், ஒரு குறுகிய பட்டையில்தான் உலக விளைச்சலில் பெரும்பகுதி காய்க்கிறது. சாறு வாயில் வைக்க முடியாத புளிப்பும் கசப்பும். மரத்தை வளர்ப்பதே தோலுக்காக.

டீக்குப் பெயர் கொடுத்தவர் 1830 முதல் 1834 வரை பிரிட்டனின் பிரதமராக இருந்த இரண்டாம் ஏர்ல் கிரே. சீன அதிகாரி ஒருவரின் மகனைக் காப்பாற்றியதற்கு நன்றியாக இந்த டீ அவருக்குக் கிடைத்தது என்று கதை சொல்வார்கள். அவர் சீனாவுக்குப் போனதே இல்லை. பெர்கமாட் மணம் ஏற்றிய டீ அந்தக் காலத்து லண்டனில் கௌரவமான சரக்காகவும் இல்லை. மட்டமான இலைக்கு வாசனை தடவி விலை உயர்ந்த டீ என்று விற்கும் மோசடியாகத்தான் பார்த்தார்கள். 1837ல் ஒரு வியாபார நிறுவனத்தின் மேல் வழக்கே நடந்தது. பிரபுவின் பெயர் அதன் மேல் ஒட்டிக்கொண்டது பிற்பாடு. நம் பார்வையில் கிரேக்கும் டீக்கும் உள்ள உண்மையான தொடர்பு வேறு: கிழக்கிந்தியக் கம்பெனி சீன டீ வியாபாரத்தில் வைத்திருந்த ஏகபோகம் அவர் ஆட்சியில், 1833ல் போட்ட சட்டத்தில்தான் முடிவுக்கு வந்தது.

பெர்கமாட் டீயோடு இவ்வளவு ஒத்துப்போவது தற்செயலாக நடந்தது அல்ல. அந்த எண்ணெயின் பெரும்பகுதி லிமோனீன், லினலைல் அசிடேட், லினலூல் என்ற மூன்று பொருள்கள். இந்த லினலூல் டீ இலையிலும் இயற்கையாகவே இருக்கிறது. டீயின் பூமணத்தில் ஜெரானியோலும் லினலூலும் முக்கியமான கூட்டாளிகள். ஆக, பெர்கமாட் டீக்குள் அந்நியனாக நுழையவில்லை. ஏற்கனவே உள்ளே பாடிக்கொண்டிருந்த சுருதியில் சேர்ந்து பாடுகிறது.

லினலூல் இன்னொரு இடத்திலும் கொட்டிக் கிடக்கிறது. சாம்பார்ப் பொடிக்கு வறுக்கிறோமே கொத்தமல்லி விதை, அதன் எண்ணெயில் பாதிக்கும் மேல் லினலூல்தான். இதைப் படித்த அன்றே அடுக்களைக்குப் போனேன். பெர்கமாட் பழம் நம் மார்க்கெட்டில் கிடைக்காது. ஒரு கமலா ஆரஞ்சின் தோல், அரை எலுமிச்சையின் தோல், வறுக்காத தனியா கால் தேக்கரண்டியை இடித்துச் சலித்த பொடி. மூன்றையும் சர்க்கரையில் கசக்கி முகர்ந்து பார்த்தேன். பெர்கமாட் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஆரஞ்சின் அசட்டு இனிப்பு வாசனை போய், ஓடிகோலோன் பாட்டிலைத் தூரத்தில் திறந்ததுபோல் ஒரு மிடுக்கு வந்திருந்தது. பெரியம்மாவிடம் நீட்டினேன். "தாழம்பூ மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு" என்றார். தனியாவை அரைத் தேக்கரண்டியாக்கியபோது ரசப்பொடி ஞாபகம் வந்துவிட்டது. கால்தான் அளவு.

இனி டீக்கு வருவோம். எந்த டீ?

டீக்கடையில் போடுவது டஸ்ட் டீ. இலையைப் பல்சக்கர உருளைகளுக்கு இடையே கொடுத்து நசுக்கி, கிழித்து, சுருட்டும் சிடிசி முறையில் வருவது. 1930களின் வாக்கில் அசாம் தோட்டங்களில் தொடங்கிய இந்த முறையில் இலையின் செல்கள் ஒன்றுவிடாமல் உடைகின்றன. சாறு காற்றோடு சேர்ந்து சீக்கிரமே கறுக்கிறது. நிறமும் திடமும் நொடியில் இறங்கும். பால் ஊற்றிக் குடிக்க அதற்கு இணை கிடையாது. மணத்துக்கு அது தோதான வழி இல்லை. பச்சைத் தேயிலையில் மணப்பொருள்களில் பல சர்க்கரை மூலக்கூறோடு கட்டிப்போடப்பட்டுக் கிடக்கின்றன. அந்த நிலையில் அவற்றுக்கு வாசனை கிடையாது. இலை வாடி, உருண்டு, நசுங்கும்போது இலைக்குள்ளேயே இருக்கும் நொதிகள் அந்தக் கட்டை அவிழ்க்கின்றன. பழைய ஆர்த்தடாக்ஸ் முறையில் இலையை நிதானமாக வாடவிட்டு உருட்டுவதால் மணம் கூடுதலாக நிற்கிறது. நீலகிரி ஆர்த்தடாக்ஸ் இலையை ஒரு தடவை முகர்ந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். கடையில் 'லீஃப் டீ' என்று கேளுங்கள்.

டிகாக்‌ஷனில் மணம் ஏன் வரவில்லை என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது. கொதிநீர் டீயிலிருந்து முதலில் இழுப்பது நிறத்தையும் துவர்ப்பையும் காஃபீனையும். மணப்பொருள்கள் தண்ணீரைவிடக் கொழுப்பில் சௌகரியமாகக் கரைகிறவை; கொதிக்கக் கொதிக்க ஆவியோடு மேலே போய்விடும். டீ கொதிக்கும்போது தெருமுனை வரை மணப்பது இதனால்தான். நான் பிஸ்கட்டில் ஊற்றியது மணம் போன மிச்சம். செய்ய வேண்டியது இலையையே நைசாகப் பொடித்து வெண்ணெயில் சேர்ப்பது. கொழுப்பு மணத்தை வாங்கிப் பிடித்துவைத்துக்கொள்ளும். துவர்ப்புச் சத்துகளை வெளியே இழுக்க அங்கே தண்ணீர் இல்லை என்பதால் கசப்பும் அடங்கிக் கிடக்கும்.

பொடிப்பதற்கு நம்மிடம் ஏற்கனவே ஒரு வழி இருக்கிறது. ஏலக்காயைத் தனியாக மிக்ஸியில் போட்டால் ஓடிக்கொண்டே இருக்கும், பொடியாகாது. ஒரு கை சர்க்கரை சேர்த்தால் மாவாகிவிடும். சர்க்கரைப் படிகம் உரல்போல் வேலை செய்கிறது. டீ இலைக்கும் இதே வைத்தியம்தான். விட்டு விட்டு ஓட்டுங்கள்; ஜாடி சுட்டால் மணம் மூடியில் ஒட்டிக்கொள்ளும்.

காஃபீனை நினைத்துக் கவலைப்படுகிறவர்களுக்கு: இரண்டு தேக்கரண்டி இலை சுமார் 4 கிராம். அதில் காஃபீன் 3 சதவீதம் என்று வைத்தால் 120 மில்லிகிராம். இருபது பிஸ்கட்டுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 6 மில்லிகிராம். ஒரு டம்ளர் டீ குடித்த கணக்குக்கு ஆறேழு பிஸ்கட் தின்ன வேண்டும். அதற்குள் வெண்ணெய் கவலை வந்துவிடும்.

ஷார்ட்பிரெட்டும் டீயும் ஒரே மேசைக்கு வந்ததில் நம்மவர்களின் கையும் இருக்கிறது. 1867ல் இலங்கையின் கண்டி மலையில், லூல்கந்துர தோட்டத்தில் முதன்முதலாக வணிகத்துக்காகத் தேயிலை நட்டவர் ஜேம்ஸ் டெய்லர், ஸ்காட்லாந்துக்காரர். 1890ல் அங்கே தோட்டங்களை வாங்கி, டீயை மலிவு விலைப் பொட்டலங்களில் விற்ற தாமஸ் லிப்டன் கிளாஸ்கோக்காரர். காட்டை வெட்டியவர்களும், நட்டவர்களும், கொழுந்து பறித்துக் கூடையைத் தலையில் மாட்டி மலை ஏறி இறங்கியவர்களும் தமிழ்நாட்டின் வறண்ட ஊர்களிலிருந்து நடத்தியே கூட்டிச்செல்லப்பட்டவர்கள். ஸ்காட்லாந்து வீடுகளில் மாலை நேரத்து ஷார்ட்பிரெட்டுக்குத் துணையாக வந்த டீ அவர்கள் பறித்தது. பிஸ்கட் டின்னின் மேல் கோட்டைப் படமும் கட்டம்போட்ட துணியும் இருக்கும், கூடை இருக்காது.

இப்போது அடுப்பருகே போகலாம்.

செய்முறை எழுதுகிறவர்கள் எல்லோரும் "வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்கட்டும்" என்று ஒரு வரி எழுதுவார்கள். யாருடைய அறை? அந்த வரி எழுதப்பட்ட ஊரில் சமையலறை 18, 20 டிகிரி. வெண்ணெய் அங்கே அழுத்தினால் விரல் பதியும், வழியாது. சென்னையில் மே மாதம் என் அடுக்களை 34 டிகிரி. பால் கொழுப்பு முப்பதைத் தாண்டினாலே உருகத் தொடங்கி, உடம்புச் சூட்டுக்குள் முழுக்க உருகிவிடும். ஷார்ட்பிரெட் வாயில் கரைவது இதனால்தான். என் மேசையிலேயே கரைந்ததும் இதனால்தான். உருகினால் நெய்ப்பிசுக்கோடு போவதில்லை. அதுவரை கொழுப்புக்குள் சிறைப்பட்டுக் கிடந்த தண்ணீர்த் துளிகள் விடுதலையாகி நேரே மாவைத் தேடிப் போகும். மறுபடி வலை, மறுபடி கல். எனவே நம் ஊர் வரி இப்படி இருக்கட்டும்: ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெயைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, பத்து நிமிடத்துக்குள் வேலையை முடி. வீட்டில் கடைந்த வெண்ணெய் இதற்கு வேண்டாம். அதில் மோர் எவ்வளவு நின்றிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நெய் போட்டால் இன்னும் நன்றாக உதிரும், நான்கட்டாய் போல. ஆனால் நெய் மணம் இருக்கும் இடத்தில் டீ வாயே திறக்காது.

மைதா 120 கிராம், அரிசி மாவு 30, வெண்ணெய் 100, சர்க்கரை 50. சர்க்கரையோடு இரண்டு தேக்கரண்டி லீஃப் டீயைப் பொடியுங்கள். ஆரஞ்சையும் எலுமிச்சையையும் வெந்நீரில் தேய்த்துக் கழுவித் துடைத்து (கடைப் பழத்தில் மெழுகு இருக்கும்), துருவியின் மிகச் சின்னக் கண்ணில் தோலைச் சீவி, அந்தச் சர்க்கரைப் பொடியில் போட்டு விரல் நுனியால் தேயுங்கள். எண்ணெய்ப் பைகள் உடைந்து சர்க்கரை ஈரமணல்போல் ஆகும். கிச்சிலித் தோப்பில் நிற்கிற மாதிரி ஒரு மணம் எழும். இந்த இரண்டு நிமிடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். பிறகு தனியாப் பொடி, வெண்ணெய். மசித்துக் குழைத்து மாவைச் சேர்த்து, திரண்டு வந்த கணத்தில் நிறுத்திவிட வேண்டும். உப்பு வெண்ணெய் என்றால் உப்பு வேண்டாம். இல்லையென்றால் ஒரு சிட்டிகை. பிசையும் ஆசை கையில் இருக்கும். அடக்குங்கள்.

உருளையாக உருட்டி, பட்டர் பேப்பரில் சுற்றி, ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில். பிறகு விரல் பருமனுக்குச் சற்றுக் குறைவாக வில்லைகள் போட்டால் இருபது வரும். ஓவன் 150 டிகிரி, 22 முதல் 25 நிமிடம். ஓவன் இல்லாதவர்கள் கனமான பாத்திரத்தில் உப்பைப் பரப்பிச் சூடேற்றியும் சுடலாம். வரும், ஆனால் நிறம் ஒரே சீராக இருக்காது.

ஏன் இவ்வளவு மெதுவான சூடு? 1912ல் லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சுக்காரர் விளக்கிய வினை ஒன்று உண்டு. புரதத் துணுக்குகளும் சில வகைச் சர்க்கரைகளும் சூட்டில் சேர்ந்து பழுப்பு நிறமும் வறுத்த மணமும் தருவது. தோசையின் முறுகலும், காபிக்கொட்டையின் கறுப்பும் அந்த வழியில் வருபவை. அருமையான மணம்தான், ஆனால் ரவுடி மணம். அது வந்தால் லினலூல், சிட்ரால் எல்லாம் மூலையில் ஒதுங்கிவிடும். ஓரம் மட்டும் லேசாகப் பொன்னிறமாகி நடு வெளுத்திருக்கும்போதே தட்டை எடுத்துவிட வேண்டும்.

ஓவனுக்குள்ளும் நம் பழைய எதிரி வேலை காட்டுகிறான். லிமோனீனின் கொதிநிலை 176 டிகிரி. 150 டிகிரி ஓவனில் அது தங்கிவிடும் என்று தோன்றும். ஆனால் பக்கத்தில் தண்ணீர் இருந்தால், தண்ணீர் ஆவியாகும்போது எண்ணெயையும் கையோடு கூட்டிக்கொண்டு 100 டிகிரிக்குள்ளேயே கிளம்பிவிடும். ஊட்டியில் யூகலிப்டஸ் இலையை நீராவியில் வேகவைத்துத் தைலம் இறக்குவது இந்தக் குணத்தை நம்பித்தான். மாவில் தண்ணீர் அதிகமானால் நம் ஓவனும் ஒரு தைலக் கொட்டகைதான். வீடெல்லாம் மணக்கிறது என்று பக்கத்து வீட்டார் பாராட்டினால் கொஞ்சம் கவலைப்படுங்கள். அந்த மணம் பிஸ்கட்டில் இருந்திருக்க வேண்டியது.

வெளியே எடுத்ததும் தொடாதீர்கள். கொழுப்பு இன்னும் உருகிய நிலையில் இருப்பதால் விரல் பட்டால் நொறுங்கும். ஆறட்டும். இறுக மூடும் டப்பாவில் போட்டு மறுநாள் தின்றால் டீ மணம் இன்னும் தெளிவாக இருக்கும். இரவெல்லாம் வெண்ணெய்க்குள் பரவியிருக்கும். டப்பா சரியாக மூடாவிட்டால் கடற்கரை ஊர்களில் இரண்டே நாளில் நமத்துப்போகும், சர்க்கரை காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால். நமத்ததை 130 டிகிரியில் ஏழெட்டு நிமிடம் வைத்தெடுத்தால் பழையபடி ஆகிவிடும். மீந்த டீ இலையைப் பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். உலர்ந்த தேயிலை அக்கம்பக்கத்து வாசனையை எல்லாம் வாங்கிக்கொள்ளும்; பெர்கமாட்டை அது ஏற்றுக்கொண்டதும் அந்தக் குணத்தால்தான், பெருங்காயத்தையும் அதே மரியாதையோடு ஏற்றுக்கொள்ளும்.

கடைசியாக ஒன்று, பிஸ்கட்டை டீயில் முக்கித் தின்னும் பழக்கமுள்ளவர்களுக்கு. என் முதல் ஈட்டைப் பெரியம்மா ஐந்து நிமிடம் ஊறப்போட முடிந்தது, அதைத் தாங்கிப் பிடிக்க உள்ளே குளூட்டன் வலை இருந்தது. இதில் வலை இல்லை. வெண்ணெயும் சர்க்கரையும்தான் பிடித்து வைத்திருக்கின்றன. சூடான டீயில் முன்னது உருகும், பின்னது கரையும். முக்கினால் மூன்று நொடியில் டம்ளரின் அடியில் போய் உட்கார்ந்துவிடும். ஒரு கரண்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.